சிகிச்சைக்கு முன்பே செலவைக் கேட்கலாமா? அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் டாக்டரைப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டு, உடம்பும் சரியாகி, நாம் அதை மறந்தே போன பிறகு தபாலில் பில் வரும். பல குடும்பங்களுக்குச் செலவு எவ்வளவு என்று முதன்முதலாகத் தெரிவதே அன்றைக்குத்தான். இது இப்படியே இருக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முன்பே செலவை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை இங்கே ஃபெடரல் சட்டத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அது உண்டு. நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எந்தச் சட்டம்?

‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ என்று பெயர். 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாக வந்தது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் இரண்டு முக்கியமான விஷயங்கள் உண்டு. இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கு, நெட்வொர்க்குக்கு (இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருக்கும் டாக்டர்கள், மருத்துவமனைகளின் பட்டியலுக்கு) வெளியே உள்ள டாக்டர்கள் அனுப்பும் திடீர் பில்லிலிருந்து பாதுகாப்பு. இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு, முன்கூட்டியே எழுத்தில் செலவு மதிப்பீடு.

அந்த மதிப்பீட்டை ‘குட் ஃபெய்த் எஸ்டிமேட்’ என்பார்கள். இங்கே சுருக்கமாக எஸ்டிமேட் என்றே எழுதுகிறேன். ஆனால் போனில் கேட்கும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள். வெறும் எஸ்டிமேட் என்றால் வாய்வார்த்தையாக ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த வாய்வார்த்தை பிறகு எதற்கும் உதவாது.

யாருக்கெல்லாம் இந்த எஸ்டிமேட் கிடைக்கும்?

இன்சூரன்ஸ் இல்லாத எல்லோருக்கும். இன்சூரன்ஸ் இருந்தும் இந்த ஒரு சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தாமல் கையிலிருந்து கட்டப்போகிறவர்களுக்கும் உண்டு. இவர்களை ‘செல்ஃப்-பே’ என்பார்கள். டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும்முன் நாமே கட்ட வேண்டிய தொகை) மிக அதிகமாக இருக்கும் திட்டத்தில் சிலர் தெரிந்தே இந்த வழியை எடுப்பார்கள். ரொக்கமாகக் கட்டுகிறவர்களுக்கான விலை சில இடங்களில் இன்சூரன்ஸ் விலையைவிடக் குறைவு. ஆனால் அப்படிக் கட்டிய பணம் உங்கள் டிடக்டிபிள் கணக்கில் சேராமல் போகலாம். அதை யோசித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விசா நிலை, குடியுரிமை எதுவும் இதற்குக் குறுக்கே வராது.

அப்பா அம்மாவுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். அவர்களுக்குமா?

ஆமாம், கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் இந்த உரிமை அதிகம் தேவைப்படுவதே அவர்களுக்குத்தான். விசிட்டர் இன்சூரன்ஸ் பயணக் காப்பீடு மாதிரியானது. இந்தச் சட்டத்தில் மருத்துவக் காப்பீடு என்று சொல்வது நம் ஆபீஸ் திட்டம், அரசின் இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்ப்ளேஸில் வாங்கும் திட்டம், முதியோருக்கான அரசுத் திட்டமான மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் போன்றவற்றை. க்ளினிக்கில் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். “நாங்களே பணம் கட்டுகிறோம், நீங்கள் யாருக்கும் க்ளெய்ம் அனுப்ப வேண்டாம்” என்று சொன்னால் போதும். பிறகு இனவாரியான பில்லையும் ரசீதையும் வைத்து விசிட்டர் இன்சூரன்ஸில் நாமே க்ளெய்ம் போட்டுப் பார்க்கலாம்.

அந்த இன்சூரன்ஸை எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். ‘ஃபிக்ஸட் பெனிஃபிட்’ திட்டம் ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் தருவேன் என்று ஒரு தொகையை எழுதி வைத்திருக்கும். பில் அதைப்போல் பல மடங்கு வந்தாலும் மிச்சம் நம் தலையில்தான். ‘காம்ப்ரிஹென்சிவ்’ திட்டம் டிடக்டிபிளுக்கு மேல் ஒரு சதவீதமாகத் தரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு இரண்டிலுமே கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் விசிட்டர் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று எஸ்டிமேட்டை விட்டுவிடாதீர்கள். எஸ்டிமேட்டில் இருக்கும் கோடுகளை, அதாவது ஒவ்வொரு சேவையையும் குறிக்கும் எண்களைச் சொல்லி, எதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று அந்தக் கம்பெனியிடமும் முன்பே கேட்டுவிடலாம்.

டாக்டரிடம் போய்ப் பணத்தைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா?

நம் வீடுகளில் இந்தத் தயக்கம் ரொம்ப ஆழமானது. மருத்துவரிடம் விலை பேசுவது மரியாதைக் குறைவு, காசைப் பார்க்கிற குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள் என்ற கூச்சம். பெரியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வலியையே மறைப்பார்கள். “ஊருக்குப் போய் பாத்துக்கறேன்” என்பார்கள். செலவு தெரியாததால் வரும் பயத்தில்தான் பாதி சிகிச்சை தள்ளிப்போகிறது. 250 டாலர் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அழைத்துப் போயிருக்கும் மகன், 5,000 ஆகுமோ என்ற கற்பனையில் தள்ளிப்போடுகிறான்.

இங்கே டாக்டருக்குப் பெரும்பாலும் விலையே தெரியாது. பில்லிங் தனி அலுவலகம். அதனால் நீங்கள் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது, அது அலுவலக வேலை. இன்னொன்று: செலவைப் பற்றி நோயாளி எந்த விதத்தில் பேச்செடுத்தாலும் அதை எஸ்டிமேட்டுக்கான கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்கிறது. இப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று அவர்களுடைய வெப்சைட்டிலும், அலுவலகத்திலும், அப்பாயிண்ட்மெண்ட் கொடுக்கும் இடத்திலும் எழுதி வைக்கவும் வேண்டும். கேட்காமலே சொல்ல வேண்டியதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

சரி, போனில் என்ன சொல்லிக் கேட்பது?

அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே, “மை மதர் இஸ் எ செல்ஃப்-பே பேஷண்ட். ப்ளீஸ் செண்ட் அஸ் எ ரிட்டன் குட் ஃபெய்த் எஸ்டிமேட்” என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வரி போதும். எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால், பில்லிங் ஆபீஸுக்கோ ‘ஃபைனான்ஷியல் கவுன்சலர்’ என்பவருக்கோ மாற்றிவிடச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் விலை மதிப்பீட்டுக்கென்றே தனி எண் இருக்கும்.

யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நோயாளி போர்ட்டலில் (மருத்துவமனைத் தளத்தில் உள்ள நோயாளியின் கணக்கில்) மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள், அது தேதியோடு பதிவாக நிற்கும்.

எத்தனை நாளில் தர வேண்டும்?

சிகிச்சைக்குக் குறைந்தது 3 வேலை நாள் முன்பு அப்பாயிண்ட்மெண்ட் போட்டிருந்தால், போட்ட நாளிலிருந்து 1 வேலை நாளுக்குள். 10 வேலை நாளோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தால் 3 வேலை நாளுக்குள். அப்பாயிண்ட்மெண்டே போடாமல், விலை தெரிந்தால்தான் முடிவு செய்வேன் என்று கேட்டாலும் 3 வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும். அதாவது இரண்டு மூன்று இடங்களில் எஸ்டிமேட் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டமே வழி விட்டிருக்கிறது.

நாளைக்கே வா என்று அவசரமாகக் கொடுக்கும் அப்பாயிண்ட்மெண்டுக்கு இந்தக் கெடு பொருந்தாது. அந்த மாதிரி நேரத்தில் போனிலேயே விலையைக் கேட்டுக்கொண்டு, மெயிலில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

நோயாளியின் பெயர், பிறந்த தேதி. என்ன சிகிச்சை, எந்தத் தேதி. அதற்கு வேண்டிய ஒவ்வொரு சேவையும் தனித்தனி வரியாக, நோய்க்கான கோடு, சேவைக்கான கோடு, எதிர்பார்க்கும் கட்டணம். சேவைக் கோடு பெரும்பாலும் 5 இலக்கம் கொண்ட ‘சி.பி.டி.’ கோடாக இருக்கும். யார் தருகிறார்கள் என்பதற்கு அவர்களுடைய பெயரும் அடையாள எண்களும். தனியாக அப்பாயிண்ட்மெண்ட் போட வேண்டிய சேவைகள் ஏதாவது இருந்தால் அவற்றின் பட்டியல். கடைசியில், இது ஒப்பந்தம் இல்லை என்றும், பில் அதிகமானால் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கையிலிருந்து கட்டுகிறவர்களுக்குத் தரும் தள்ளுபடி போக உள்ள தொகைதான் அதில் வர வேண்டும். பட்டியல் விலையைப் போட்டு அனுப்பியிருந்தால், ‘செல்ஃப்-பே டிஸ்கவுண்ட்’ கழித்துத்தானா இது என்று கேளுங்கள்.

இந்தத் தாள் மருத்துவப் பதிவின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது. தொலைந்துவிட்டால், 6 ஆண்டுக்குள் கொடுத்த எந்த எஸ்டிமேட்டின் நகலையும் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

ஒரே இடத்தில்தான் ஸ்கேன் எடுத்தோம். ஏன் இரண்டு பில் வந்தது?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களை இதைப்போல் குழப்புவது வேறெதுவும் இல்லை. தெரிந்த ஒருவர் தன் அப்பாவின் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனார். எஸ்டிமேட்டில் ஒரே வரி, ஒரே தொகை. அவரும் அதைக் கட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து, கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு பில். பழைய எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தால் ‘டெக்னிக்கல்’ என்று சின்னதாக எழுதியிருந்தது. மெஷினுக்கும் அதை இயக்குபவருக்கும் உள்ள கட்டணம் அது. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜி டாக்டரின் கட்டணம் ‘புரொஃபெஷனல்’, அது தனி.

அறுவை சிகிச்சை என்றால் இது இன்னும் விரியும். மருத்துவமனை, அறுவை செய்யும் டாக்டர், மயக்கம் கொடுப்பவர், எடுத்த திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி, எல்லாம் வெவ்வேறு பில்.

முதன்மையாகச் சிகிச்சை தருபவர் மற்றவர்களின் தொகையையும் திரட்டி ஒரே எஸ்டிமேட்டாகத் தர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். ஆனால் அந்தப் பகுதியை வலியுறுத்துவதை அரசு 2022இலேயே தள்ளி வைத்துவிட்டது. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். அது அடைபடும்வரை வேலை நம்முடையது: “வேறு யார் யார் எனக்குத் தனியாக பில் அனுப்புவார்கள்?” என்று கேட்டு, அவர்களுடைய பெயரையும் எண்ணையும் வாங்கி, ஒவ்வொருவரிடமும் தனி எஸ்டிமேட் கேட்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் கேட்டால் தந்தாக வேண்டும்.

எஸ்டிமேட்டைவிட பில் அதிகமாக வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் 400 டாலர் கணக்கைப் பாருங்கள். எஸ்டிமேட்டில் ஒருவர் எழுதிய மொத்தத் தொகையைவிட அவருடைய பில் 400 டாலரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் நீங்கள் முறையிடலாம். உதாரணத்துக்கு, எஸ்டிமேட் 1,850 என்றால் பில் 2,250ஐத் தொட்டதும் உரிமை வந்துவிடும். 2,190 என்றால் இந்த வழியில் முடியாது. ஒவ்வொரு மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் இந்தக் கணக்கு தனித்தனி. இரண்டு பேர் ஆளுக்கு 300 கூட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்து 600 என்று கொண்டுபோக முடியாது. அதே சமயம் எஸ்டிமேட்டில் இல்லாத புது வரிகளை பில்லில் சேர்த்திருந்தால் அவையும் அவருடைய மொத்தத்தில் சேரும்.

பணத்தைக் கட்டுவதற்கு முன் பில்லிங் ஆபீஸுக்குப் போன் செய்யுங்கள். எஸ்டிமேட் கையில் இருக்கிறது, இவ்வளவு வித்தியாசம், திருத்தி அனுப்புங்கள் என்று அமைதியாகச் சொல்லுங்கள். தாள் இருக்கிறது என்று தெரிந்தாலே பல இடங்களில் இறங்கி வருவார்கள். இனவாரியான பில்லையும் கேளுங்கள். செய்யாத சோதனைக்கோ ஒரே சோதனைக்கு இரண்டு முறையோ போட்டிருந்தால் அதில்தான் தெரியும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஃபெடரல் அரசின் முறையீட்டு வழி இருக்கிறது. முதல் பில்லின் தேதியிலிருந்து 120 நாளுக்குள், எஸ்டிமேட், பில் இரண்டின் நகலோடு, மெடிகேர்-மெடிகெய்ட் சேவை மையத்தின் தளத்தில் ஆன்லைனிலோ தபாலிலோ அனுப்ப வேண்டும். கட்டணம் 25 டாலர். மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நடுநிலை நிறுவனம் இரு தரப்புக் காகிதங்களையும் பார்க்கும். கூடுதல் செலவு மருத்துவ ரீதியாகத் தேவைதானா, முன்கூட்டி எதிர்பார்க்கவே முடியாத சூழ்நிலையில் வந்ததா என்பதை நிரூபிக்க வேண்டியது மருத்துவமனை. நிரூபிக்க முடியாவிட்டால் எஸ்டிமேட்டில் உள்ளதைக் கட்டினால் போதும், உங்கள் 25 டாலரும் கட்ட வேண்டிய தொகையில் கழிந்துவிடும்.

முறையீடு நடக்கும்போது பில்லை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது, தாமதக் கட்டணம் ஏற்றக் கூடாது, முறையிட்டதற்காகப் பழிவாங்கவும் கூடாது.

120 நாள் என்பது நிறைய மாதிரி தெரியும். ஆனால் பில்லைப் பிரிக்காமல் மேஜையில் குவித்து வைக்கும் வழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. அப்பா அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் தபால்களை முக்கியமாகப் பிரித்துப் பாருங்கள்.

சிகிச்சைக்கு முன் ஏதாவது மாறிவிட்டால்?

என்ன செய்யப்போகிறார்கள் என்பது மாறினால், குறைந்தது 1 வேலை நாள் முன்பு புது எஸ்டிமேட் தர வேண்டும். அதற்கும் குறைவான நேரத்தில் டாக்டர் மட்டும் மாறினால், வருகிற டாக்டர் பழைய எஸ்டிமேட்டின் தொகைக்கே கட்டுப்பட வேண்டும்.

எஸ்டிமேட் கேட்கவே இல்லை, அவர்களும் தரவில்லை. இப்போது?

அந்த 400 டாலர் முறையீட்டுக்கு எழுத்தில் எஸ்டிமேட் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கதவு திறக்காது. அதனால்தான் கேளுங்கள் கேளுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஆனால் தர வேண்டிய நேரத்தில் தரவில்லை என்று தனியாகப் புகார் செய்யலாம், பில்லில் பேரம் பேசலாம், கீழே சொல்லியிருக்கும் நிதியுதவியைக் கேட்கலாம்.

எனக்கு ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கிறது. எனக்கு எஸ்டிமேட் உண்டா?

இருந்தாக வேண்டும், ஆனால் கைக்கு வரவில்லை. சிகிச்சைக்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்கு ஒரு முன்கூட்டிய விளக்கத் தாள் அனுப்ப வேண்டும் என்று இதே சட்டத்தில் இருக்கிறது. அதற்கான விதிகள் வராமல் அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது.

அதுவரை வேறு ஒரு கருவி உண்டு. உங்கள் பங்கு எவ்வளவு வரும் என்று காட்டும் விலைக் கணிப்பு வசதியை இன்சூரன்ஸ் கம்பெனிகள் 2023இல் 500 சேவைகளுக்கும், 2024 முதல் எல்லாச் சேவைகளுக்கும் தங்கள் தளத்தில் தர வேண்டும். டாக்டர் ஆபீஸில் சி.பி.டி. கோடை வாங்கிக்கொண்டு அதில் போட்டுப் பாருங்கள். அல்லது கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, இந்தக் கோடு, இந்த டாக்டர், இந்த இடம், என் டிடக்டிபிளில் இன்னும் எவ்வளவு மிச்சம், என் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். இடம் முக்கியம். அதே ஸ்கேன் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் ஒரு விலை, தனி இமேஜிங் சென்டரில் வேறு விலை.

அப்புறம் வருடாந்திரச் செக்கப். அது இலவசம் என்று போவோம். போன இடத்தில், “இந்தத் தோள்பட்டை வலி ரெண்டு மாசமா இருக்கு டாக்டர்” என்று ஆரம்பித்தால், அதைத் தனி விசிட்டாகக் கணக்கில் எழுத முடியும், கோ-பே (ஒரு விசிட்டுக்கு நாம் கட்டும் பங்கு) வரும். வலியைச் சொல்லாமல் இருக்காதீர்கள். ஆனால் சொல்வதற்கு முன், இது தனி பில் ஆகுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

நெட்வொர்க் மருத்துவமனைதான். மயக்க டாக்டர் நெட்வொர்க்கில் இல்லையாம். அவர் பில் அனுப்பலாமா?

நெட்வொர்க்கில் உள்ள டாக்டராக இருந்தால் நீங்கள் கட்டும் பங்குக்கு மேல் அனுப்பக் கூடாது. மயக்க மருத்துவர், ரேடியாலஜி, பேத்தாலஜி, உதவி சர்ஜன் போன்றவர்களை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. மிச்சத் தொகையை அவர்களும் இன்சூரன்ஸும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஃபாரம் நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். போடலாமா?

இதை நிறுத்திப் படியுங்கள். ‘சர்ப்ரைஸ் பில்லிங் ப்ரொடெக்‌ஷன் ஃபார்ம்’ என்று தலைப்பு இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், நெட்வொர்க்குக்கு வெளியே உள்ளவர் முழுக் கட்டணமும் கேட்கலாம் என்று நீங்களே சம்மதித்து, பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். செக்-இன் செய்யும்போது டேப்லெட்டில் பத்துப் பக்கங்களுக்கு நடுவில் இது வந்தால், பெயரைப் பார்த்து நல்லதுதான் என்று விரல் தானாகப் போய்விடும்.

இந்த ஃபாரத்தை மற்றக் காகிதங்களோடு கலக்காமல் தனியாகத்தான் தர வேண்டும். சிகிச்சைக்கு 72 மணி நேரம் முன்பே தர வேண்டும். அதற்குள் போட்ட அப்பாயிண்ட்மெண்ட் என்றால் அன்றைக்கே தரலாம், ஆனால் குறைந்தது 3 மணி நேரம் முன்பு. எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடும் அதிலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன மயக்க மருத்துவர் வகையினர் இந்த ஃபாரத்தை நீட்டவே கூடாது. கையெழுத்துப் போட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் போடாவிட்டால் அந்த டாக்டர் அவசரமல்லாத சிகிச்சையை மறுக்கலாம். போட்டுவிட்டாலும் சிகிச்சைக்கு முன் எழுத்தில் திரும்பப் பெறலாம்.

எமர்ஜென்சியில் இதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

வேண்டாம். நெஞ்சு வலி, கை கால் இழுப்பது, மூச்சுத் திணறல் என்றால் 911தான், எஸ்டிமேட் இல்லை. 1986ஆம் ஆண்டின் ‘எம்டாலா’ சட்டப்படி, மெடிகேர் ஏற்கும் மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவு, யார் வந்தாலும் பரிசோதித்து, ஆபத்திலிருந்து நிலைப்படுத்த வேண்டும். பணம், இன்சூரன்ஸ் விசாரணைக்காக அதைத் தாமதப்படுத்தக் கூடாது. அட்டை இல்லையே என்று வாசலில் தயங்கி நிற்க வேண்டாம், முக்கியமாக வயதானவர்களை வைத்துக்கொண்டு.

இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கு, எந்த மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போனாலும் நெட்வொர்க்கில் உள்ள அளவுதான் பங்கு. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள், நோயாளி நிலைப்பட்ட பிறகு ஃபைனான்ஷியல் கவுன்சலரை வரச் சொல்லிப் பேசுங்கள்.

ஆம்புலன்ஸ்?

விமான, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்குப் பாதுகாப்பு உண்டு. சாலையில் போகும் ஆம்புலன்ஸை இந்த ஃபெடரல் சட்டம் விட்டுவிட்டது. சில மாநிலங்கள் சொந்தச் சட்டம் வைத்திருக்கின்றன, உங்கள் மாநிலத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வெப்சைட்டில் விலை போட்டிருப்பார்களாமே?

2021 ஜனவரி 1 முதல் போட்டாக வேண்டும். முழு விலைப் பட்டியல் ஒரு பெரிய கோப்பாக இருக்கும். அது கம்ப்யூட்டர் படிப்பதற்கு, நமக்கு அவ்வளவு உதவாது. நாம் பார்க்க வேண்டியது, முன்கூட்டித் திட்டமிடக்கூடிய 300 சேவைகளின் விலையைப் புரியும்படி காட்டும் பக்கம் அல்லது கணிப்புக் கருவி. 2022 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகளுக்கு இதற்காக முதன்முறையாக அபராதம் போட்டார்கள். ஆனால் வெப்சைட்டில் பார்த்த விலையை வைத்து 400 டாலர் முறையீடு செய்ய முடியாது. அது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

எஸ்டிமேட் வந்தது. பார்த்ததும் தலை சுற்றுகிறது. கட்ட முடியாது.

முன்கூட்டித் தெரிந்ததன் பெரிய லாபமே இங்கேதான், இன்னும் கையில் நேரம் இருக்கிறது. லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் வரிவிலக்கு பெறுவதற்காக, வருமானம் குறைந்தவர்களுக்கு எழுத்தில் ஒரு நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் வரிச் சட்டம். ‘ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ்’ அல்லது ‘சேரிட்டி கேர்’ என்று கேளுங்கள். தகுதி வரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், விண்ணப்பத்தை அவர்களே தருவார்கள். சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். விட்டுப்போனாலும், வீட்டுக்கு வந்த பிறகான முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். அந்த முதல் 120 நாளில் வழக்கு, சம்பளப் பிடித்தம் போன்ற கடும் வசூலில் இறங்கவும் கூடாது.

இதைத் தானம் வாங்குவதாக நினைத்துச் சிலர் கூசுகிறார்கள். வரிவிலக்குக்கு ஈடாக அந்த மருத்துவமனை ஒப்புக்கொண்ட கடமை அது. தகுதி இருந்தால் தயங்காமல் எழுதிக் கொடுங்கள். தகுதி இல்லாவிட்டால், வட்டியில்லாத் தவணை தர முடியுமா என்று கேளுங்கள். கிரெடிட் கார்டில் போட்டுவிடாதீர்கள். மருத்துவக் கடனாக இருந்தவரை பேச இடமிருந்தது, கார்டுக்குப் போனதும் அது சாதாரணக் கடன்.

பல் டாக்டர், மனநல தெரபிக்கும் எஸ்டிமேட் கேட்கலாமா?

கேட்கலாம். வாராவாரம் போகும் தெரபி, பிசியோதெரபி போன்றவற்றுக்கு ஒரே எஸ்டிமேட்டில் 12 மாதம் வரை சேர்த்துத் தரலாம். எத்தனை முறை, ஒரு முறைக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவரே கேட்டுப் புரிந்துகொள்ள வழி உண்டா?

ஃபெடரல் அரசின் பணம் பெறும் மருத்துவமனைகளும் க்ளினிக்குகளும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். “வி நீட் எ டமில் இண்டர்ப்ரெட்டர்” என்று அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே சொல்லி வையுங்கள். பெரும்பாலும் போனிலோ வீடியோவிலோ ஒருவர் வருவார். பள்ளிக்கூடப் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பாட்டியின் நோயையும் செலவையும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் பாரம், பாட்டியும் பாதியை மறைத்துவிடுவார்.

புகார் எங்கே செய்வது?

நோ சர்ப்ரைசஸ் ஹெல்ப் டெஸ்க், 1-800-985-3059. எஸ்டிமேட் தர மறுத்தாலும், கெடு தாண்டினாலும், அந்தக் கையெழுத்து ஃபாரத்தை வற்புறுத்தினாலும் இங்கே சொல்லலாம். முறையீட்டுப் படிவத்தை எங்கே எப்படி நிரப்புவது என்றும் அவர்களே சொல்வார்கள். போன் செய்யும்போது எஸ்டிமேட், பில், யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள் என்ற குறிப்பு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது அவற்றைத்தான்.